லிங்கன் பேராலயமும் என் உபயக் கல்லும்

1

இந்த ஆகஸ்டோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பதினைந்து வருஷம் முடிகிறது. வருஷா வருஷம் இந்த நாளில் என் மனைவி ஞானம் பாயசம் வைப்பாள். நான் பழைய கதை ஒன்றை ஆரம்பிப்பேன். மகள் பாதியிலேயே எழுந்து டெலிவிஷன் பக்கம் போய்விடுவாள். இந்த வருஷம் பாயசம் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அருப்புக்கோட்டையில் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் திடுக்கிடுவார்கள். உட்கார்ந்து படிப்பது நல்லது.

இந்த வருஷம் இங்கே மழை இல்லை. எழுபத்தாறாம் வருஷத்துக் கோடையைப் பற்றி இந்த நாட்டுக்காரர்கள் பேரன் பேத்தி காலம்வரை பேசுவார்கள் போலிருக்கிறது. புல்லெல்லாம் கருகிவிட்டது. தோட்டத்துக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் விடக் கூடாது என்று உத்தரவு. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது என்று இழவுச் சேதி சொல்வதுபோல் சொன்னார். நான் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டில் வானத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன். "ஒரே மாதம்தானா?" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மான்செஸ்டருக்கு வடக்கே ஒரு மில் ஊரில் குடியிருக்கிறோம். நான் நூற்பு மில்லில் ராத்திரி ஷிப்டு. ஞானம் ஆஸ்பத்திரியில் நர்ஸு. இங்கே என் பெயர் மிஸ்டர் அருணாசலம். வந்த புதிதில் அ. வேலுச்சாமி என்றுதான் சொன்னேன். அந்த 'அ' என்ன என்று கேட்டார்கள். அருணாசலம், என் அப்பா பெயர் என்றேன். அப்பா பெயர் என்றால் அதுதான் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து மில்லிலும் பேங்கிலும் மகளின் பள்ளிக்கூடத்திலும் நான் என் அப்பாதான். பல் வைத்தியர் "அருணாசலம், வாயைத் திற" என்று சொல்லும்போதெல்லாம், ஊரில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அப்பா முகம் நினைவுக்கு வந்து எனக்குச் சங்கடமாக இருக்கும்.

வேலுச்சாமி என்று கூப்பிட இங்கே ஆள் கிடையாது. ஞானத்துக்கு நான் 'இங்க பாருங்க'. மகளுக்கு 'டாடி'. ஆகவே, ஊரில் ஒரு கல்லில் என் பெயர் என் பெயராகவே இருக்கிறது என்ற நினைப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தக் கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் குலதெய்வக் கோவில் திருச்சுழிக்குத் தெற்கே உடைமரக் காட்டுக்குள் இருக்கிறது. மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடுவோம். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கோவிலுக்கு வரி கொடுக்க வேண்டும். பூசை முடிந்ததும் பூசாரி ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெயர் கேட்டவர் எழுந்து போய்த் திருநீறும் ஒரு தேங்காய் மூடியும் வாங்கிக்கொண்டு வருவார். ஒருவர் பெயரைக் கூப்பிடவில்லை என்றால், ஒன்று அவர் செத்துப்போயிருக்க வேண்டும், இல்லை பங்காளிகள் அவரை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

நான் கப்பல் ஏறியபோது கல்யாணம் ஆகாதவன். ஆகவே ஊரில் இருந்தவரை நான் தலைக்கட்டு இல்லை. இங்கே வந்து ஞானத்தைக் கட்டினேன். அவள் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். சேதி தெரிந்ததும் அப்பா எனக்குக் கடிதம் போடுவதை நிறுத்தினார். அவனைத் தலைக்கட்டில் சேர்க்கக் கூடாது என்று பங்காளிகள் கோவிலில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அப்போது எனக்காக எழுந்து நின்றவன் ஒரே ஒருத்தன், என் தம்பி முத்துராசு. "தாலி கட்டுனவன் தலைக்கட்டு. அம்புட்டுத்தான். எங்கண்ணன் பேரைக் கூப்பிடலைன்னா எம் பேரையும் கூப்பிட வேணாம்" என்று சொல்லிவிட்டானாம். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயசுகூட இருக்காது. கடைசியில் பங்காளிகள் இறங்கி வந்தார்கள். அப்பாவும் இறங்கி வந்தார்.

அந்த மாசியிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் மூடி வாங்கியது முத்துராசு. "ஒன் மூடியையும் நாந்தான் வாங்குனேன் அண்ணே. ஒன்னோடதுலதான் தேங்காப் பருப்பு நல்ல கனம்" என்று ஒவ்வொரு மாசிக்கும் எழுதுவான். அந்த ஒரு வரிக்காகவே மாசி எப்போது வரும் என்று காத்திருப்பேன். ஊரே கேட்க என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், நான் மட்டும் ஒரு தடவைகூட அதைக் காதால் கேட்டதில்லை. என்றைக்காவது ஒரு மாசிக்குப் போய், கூப்பிடும்போது நானே எழுந்து நிற்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதினைந்து வருஷமாக எனக்கு இருந்த ஒரே ஆசை. லீவு கிடைத்தால் மகளுக்குப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் டிக்கெட்டு விலை என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா தவறிப்போனபோதும் போக முடியவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அனுப்பியிருந்தேன். அது ஒரு மேசையில் படுத்துக்கொண்டது. நான் நான்தான் என்பதற்கு இன்னும் ஒரு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அதைக் கொடுத்ததும், அந்த அத்தாட்சியில் இருப்பது நான்தான் என்பதற்கு வேறொன்று கேட்டார்கள். முத்துராசுதான் எல்லாக் காரியமும் செய்தான். "நீ கவலப்படாத அண்ணே. இங்க நான் பாத்துக்கிறேன்" என்று எழுதினான். வீடு, அருப்புக்கோட்டை பஜாரில் வத்தல் மல்லிக் கடை, திருச்சுழிப் பக்கம் கரிசல்காடு எல்லாவற்றையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். நான் எதையும் கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை.

அதற்குச் சில மாதம் கழித்து, இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம், விருதுநகரில் நமக்குத் தெரிந்த மண்டி விலாசத்துக்கு எழுது, வாரா வாரம் போகும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினான். தெருத் தபால்காரர் வெளிநாட்டு ஸ்டாம்புக்கு ஆசைப்பட்டுக் கவரைக் கிழித்துவிடுகிறாராம். அந்தத் தபால்காரரை எனக்குத் தெரியும். கார்டு வந்தால் தெருமுனையிலிருந்தே சத்தமாக வாசித்துக்கொண்டு வருவார், நாலு வீடு கேட்ட பிறகுதான் உரியவர் கைக்குப் போகும். அவருக்கு ஸ்டாம்பு ஆசையும் இருக்கும் என்று நம்பி மண்டிக்கே எழுதினேன்.

அந்தச் சமயத்தில்தான் கோவிலுக்குக் கல் தரை போடுகிறார்கள் என்று தெரிந்தது. கல்லுக்குப் பணம் கொடுத்தால் பெயர் வெட்டி வைப்பார்கள். நம் பக்கத்துக் கோவில்களில் வாசல்படியிலிருந்து டியூப் லைட்டு வரைக்கும் உபயம் எழுதாத இடம் எது? பணம் அனுப்பினேன். போட்டோ கேட்டேன். விடாமல் கேட்டேன். தீபாவளி கழிந்து வந்தது. கல்லின் மேல் முத்துராசு நிற்கிறான். தலையில் புதுத் துண்டால் உருமா கட்டியிருக்கிறான். கல்லில் பளிச்சென்று 'அ. வேலுச்சாமி அவர்கள்'. கூடப் பிறந்த அண்ணனுக்கு 'அவர்கள்' போட்டிருக்கிறானே என்று நெகிழ்ந்துபோனேன். உருமாவைப் பார்த்து, கோவில் வேலைக்காகத் தம்பிக்கு மரியாதை செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினேன்.

3

மில் மூடும் விடுமுறை வாரத்தில் தொழிலாளர் கிளப்பில் ஒருநாள் பஸ் பயணம் ஏற்பாடு செய்வார்கள். வழக்கமாகக் கடற்கரைதான். இந்தத் தடவை லிங்கன் என்ற பழைய நகரம். ரோமாபுரிக்காரர்கள் கட்டின ஊர். அவர்கள் கட்டின வளைவு வாசலுக்குள் இன்றைக்கும் கார் போய் வருகிறது. குன்றின் மேல் தொள்ளாயிரம் வருஷத்துப் பேராலயம் ஒன்று இருக்கிறது. ஞானம் அதைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஏறியதும் போர்மேன், "உங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்திருக்கிறார்" என்று ஒரு இளைஞரைக் காட்டினார். அவர் கணக்கில் கராச்சியிலிருந்து கொழும்பு வரைக்கும் என் ஊர்தான், ஆகவே நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் தம்பி நிஜமாகவே பந்தல்குடி. பெயர் கனகராஜ். மான்செஸ்டரில் ஜவுளித் தொழில் படிப்பு படிக்கிறார், விடுமுறைக்கு எங்கள் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து வருஷத்தில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

"வாங்க தம்பி, இங்க உக்காருங்க. பந்தல்குடியில யாரு வீடு?"

"தூத்துக்குடி ரோட்டுல கடை வச்சிருக்காகள்ல, அவுக மகன். அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"அருப்புக்கோட்டை. பஜாருல வத்தக் கடை அருணாசலம் மகன். வேலுச்சாமி. முத்துராசு இருக்கான்ல, அவன் அண்ணன்."

உட்காரப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"முத்துராசு அண்ணாச்சிக்கு... எத்தன அண்ணன்?"

"நான் ஒருத்தந்தேன். ஏன் தம்பி?"

"சும்மா கேட்டேன்" என்று சொல்லி இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஞானம் புளிச்சோறும் அவித்த முட்டையும் கொடுத்தாள். பசிக்கவில்லை என்றார். வெயில் பற்றிக் கேட்டேன், ஆமாம் என்றார். மழை பற்றிக் கேட்டேன், அதற்கும் ஆமாம் என்றார். அடிக்கடி குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷூ புதுசு, அதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். விலைகூடச் சொன்னேன்.

மகள் சரோஜாவுக்குப் பதினொரு வயது. காலமான என் அம்மா பெயரைத்தான் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் அதைச் சாரா என்று ஆக்கிவிட்டார்கள். ஞானத்தின் வீட்டில் அது பைபிள் பெயர் என்று சந்தோஷப்பட்டார்கள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். 'காரம்', 'போதும்', 'வேண்டாம்' என்ற மூன்று சொல்லை மட்டும் சுத்தமாகத் தமிழில் சொல்வாள். "அந்த அங்கிளுக்கு உங்களைக் கண்டால் பயமா?" என்று ஆங்கிலத்தில் என் காதில் கேட்டாள். படிக்கிற பிள்ளை, கூச்ச சுபாவம் என்று சமாதானம் சொன்னேன்.

4

குன்றின் மேல் ஏறுகிற தெரு செங்குத்து. ஏறி முடித்து நிமிர்ந்தால் முழு வானத்தையும் அந்தக் கோவில் எடுத்துக்கொண்டு நிற்கிறது. வாய் பிளந்து பார்த்தேன். கல்லில் இவ்வளவு வேலையா! வாசலில் செருப்பு விடுகிற இடம் எங்கே என்று தேடினேன். அப்படி ஒன்று இல்லை. ஷூவையும் காலுறையையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"இங்க பாருங்க, போடுங்க அத" என்று ஞானம் பல்லைக் கடித்தாள். "எங்க ஊர்க் கோயில்ல நாங்களும் கழட்டிட்டுத்தான் போவோம். இங்க அப்படி இல்லயாக்கும். எல்லாரும் பாக்காவ."

சாமி இருக்கிற இடத்துக்கு ஷூவோடு போக என்னால் ஆகாது என்றேன். கனகராஜ் என் வெறுங்காலை உற்றுப் பார்த்தார். இரண்டு பாதத்தையும், பத்து விரலையும் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு பாரம் இறங்கினதுபோல் இருந்தது. அந்தக் கோவிலுக்குள் அவர்தான் முதலில் என்னிடம் வந்து பேசினார். "தரை குளிருதா அண்ணாச்சி?" என்று கேட்டார். பேய்க்குக் கால் கிடையாது என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

உள்ளே போனால் கூரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணாடி ஜன்னல்கள் வழியாகச் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது. ஞானம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன். கல் கல்லாகப் பெயர்கள்! வெட்டின எழுத்தெல்லாம் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

"பாத்தியா சரோ, இங்கயும் உபயம்!" என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கல்லுக்குப் பணம் குடுத்தவுக பேரு. சாமி கும்பிட வர்றவங்க கால் நம்ம பேரு மேல படணும். அதுதான் புண்ணியம். நம்ம வீட்டுப் போட்டோவுல இருக்கே, அதே மாதிரி."

சொன்னதோடு நிற்கவில்லை. பாவம், பணம் கொடுத்தவர்கள் புண்ணியம் தவறிப்போகக் கூடாது என்று ஒரு பெயரையும் விடாமல் மிதித்து மிதித்து நடந்தேன். எழுத்து மறைந்துபோன கல்லில் இரண்டு காலையும் வைத்து நின்றேன். எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி எல்லாக் கல்லையும் சுற்றிக்கொண்டு நடந்தவள், என்னை முறைத்துவிட்டுப் போனாள். கருப்பு அங்கி போட்ட கோவில் ஊழியர் ஒருவர் வந்து, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். உபயக்காரர்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இவர்கள் பணம் கொடுத்தது உண்மைதான். இங்கே புதைப்பதற்காகக் கொடுத்தார்கள்" என்றார்.

பின்னால் ஞானம் கைக்குட்டையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரித்தாள். "எல்லாம் கல்லறையாக்கும். கீழ ஆள் கெடக்கு" என்றாள். நான் ஒற்றைக் காலில் நின்றேன். மற்றக் காலை வைக்கப் பெயரில்லாத கல் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. வாசலிலிருந்து அதுவரைக்கும் எத்தனை பேரை மிதித்தேனோ.

சரோஜாவுக்கு இந்த வேடிக்கை ரொம்பப் பிடித்துவிட்டது. எழுத்துத் தெளிவாக இருந்த ஒரு கல்லைத் தேடிப் பிடித்தாள். யாரோ இந்நகரத்து ஜவுளி வியாபாரி, இன்ன வருஷம் காலமானார் என்று இருந்தது. "டாடி, என்னைப் படம் எடுங்கள்" என்று அதன் மேல் ஏறினாள். கீழே இருந்த வரியில் தன் வெள்ளை ஷூ இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டாள். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

"இப்போது பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். "அவர் செத்துப்போனதை நான் மறைத்துவிட்டேன். படத்தில் அவர் உயிரோடு இருப்பார்."

கேமராவுக்குள் நான் பார்த்தது மகளை இல்லை. என் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்த்தேன். கல், பெயர், பெயருக்குக் கீழே தம்பியின் இரண்டு கால், ஒட்டி வைத்தபடி. எவ்வளவு பெரிய கல். நிற்பதற்கு எவ்வளவு இடம் இருந்தது.

5

கனகராஜை வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல் திண்டில் உட்கார வைத்தேன். ஷூ இன்னும் என் கையில்தான் இருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். எங்க குலசாமி கோயில் தரையில எம் பேருல ஒரு கல்லு கெடக்கு. பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் அண்ணாச்சி."

"எம் பேருக்குக் கீழ என்ன வெட்டிருக்கு?"

அவர் மறுபடியும் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"நான் ஒன்னய ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்லு."

"அ. வேலுச்சாமி அவர்கள் நினைவாக. தம்பி முத்துராசு உபயம்."

என் பணத்தில் போட்ட கல். உபயமும் அவன் பெயரில்தான் இருக்கிறது.

"எப்பிடிச் செத்தேனாம்?"

"மில்லுல மிஷினுல மாட்டி... ஒடம்ப அங்கயே எரிச்சிட்டாகன்னு சொன்னாக. போன வருசத்துக்கு முந்துன வருசம் ஐப்பசியில கருமாதி. உங்க கடைக்கு எங்கப்பா வத்தல் லோடு போடுவாருல்ல, அவருகூட நானும் வந்திருந்தேன். நல்ல கூட்டம் அண்ணாச்சி. முத்துராசு அண்ணாச்சி மொட்டை போட்டு, மாமன்மாருக உருமா கட்டும்போது தேம்பித் தேம்பி அழுதாக. பாத்துட்டு நானும் அழுதுட்டேன். அந்த வாரமே கோயில்ல போயி கல்லையும் வச்சாக."

உருமா. செத்தவனுக்குக் காரியம் செய்தவனுக்குக் கட்டுகிற உருமா. அதைத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் என் தம்பிக்கு ஊரில் என்ன மரியாதை பாருங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

"சாப்பாடு எப்பிடி?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"நல்லாருந்துச்சு அண்ணாச்சி" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "வடை பாயசத்தோட."

பிறகு நடந்ததை நான் கேட்காமலே சொன்னார். வீடும் கடையும் முத்துராசு பெயருக்கு மாறிவிட்டன. கரிசல்காட்டை விற்றுவிட்டான். பஸ்ஸில் என்னைப் பார்த்ததும், செத்தவர் உட்கார்ந்து ஷூ விலை சொல்கிறாரே என்று அவருக்குக் குலை நடுங்கியிருக்கிறது. "கால் தெரிஞ்ச பெறகுதான் உசிரு வந்துச்சு" என்றார்.

காடு போனது எனக்குப் பெரிதில்லை. இதை யாரும் நம்ப வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். அண்ணே, எல்லாவற்றையும் எனக்கே எழுதிக் கொடு என்று ஒரு வரி கேட்டிருந்தால், எந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமோ அதில் போட்டு அனுப்பியிருப்பேன். எத்தனை கவுண்டரில் நின்றாலும் அத்தாட்சி வாங்கி அனுப்பியிருப்பேன். அவன் கேட்கவில்லை. என்னிடம் கேட்பதைவிட என்னைக் கொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. நான் செத்த பிறகு இரண்டு மாசி வந்து போயிருக்கிறது. இரண்டு மாசியிலும் பூசாரி என் பெயரைக் கூப்பிட்டிருக்க மாட்டார். ஆனால் இரண்டு மாசிக்கும் முத்துராசு எழுதியிருந்தான். "ஒன் மூடியையும் நாந்தான் வாங்குனேன் அண்ணே. பருப்பு நல்ல கனம்." இல்லாத மூடிக்குப் பருப்பு எழுதியிருக்கிறான். எனக்காகப் பங்காளிகளோடு சண்டை போட்டு என் பெயரை உள்ளே சேர்த்தவன் அவன்தான். அதே கையால் எடுத்தும் போட்டான். எடுத்ததைச் சொல்லாமல் என்னைச் சந்தோஷமாக வேறு வைத்திருந்தான். நான் முட்டாள் மாதிரி அந்தக் கடிதத்தை மேஜையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். அங்கே, அந்தத் தாழ்வாரத்தில், சுற்றுலா வந்த ஜனங்கள் பார்க்க, அழுதேன்.

ஞானம் வந்தாள். கனகராஜ்தான் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்படின்னா ரெண்டு வருசமா நான் விதவையாக்கும்? என்னட்ட ஒருத்தரும் சொல்லல்லியே" என்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். முகம் சிவந்துபோயிருந்தது. என் கையிலிருந்த ஷூவைப் பிடுங்கி, கீழே உட்கார்ந்து, குழந்தைக்குப் போடுவதுபோல் என் காலில் மாட்டிக் கயிறு கட்டினாள். "எந்திரிங்க. உசிரோட இருக்க மனுசன் இந்தக் குளுந்த கல்லுல வெறுங்காலோட இருக்கப்பிடாது" என்றாள்.

சரோஜாவுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "சித்தப்பாவை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். தப்பு நடந்துவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லட்டும்" என்றாள் ஆங்கிலத்தில். அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் போலிருக்கிறது. தப்புச் செய்தவன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டால் விஷயம் முடிந்துவிடும். அந்தக் கல்லையாவது பெயர்த்து எடுத்துப் போடச் சொல்லலாமே என்று பிறகு கேட்டாள். வேண்டாம், கிடக்கட்டும், எனக்கு அது வேண்டும் என்றேன்.

6

வீட்டுக்கு வந்ததும் முன்னறைப் போட்டோவைக் கழற்றினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவன் வலது குதிகாலுக்குப் பின்னால் ஓர் எழுத்தின் வால் தெரிகிறது. இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்த படம்.

அவனுக்கு என்ன எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். திட்டி எழுதினேன், கிழித்தேன். நியாயம் கேட்டு எழுதினேன், அதையும் கிழித்தேன். வக்கீலைப் பார் என்று மில்லில் ஒருவர் யோசனை சொன்னார். இங்கே வக்கீலிடம் போனால் முதலில் என் குடும்பப் பெயரைக் கேட்பார். எப்படி எழுதினாலும், அவன் பதிலுக்கு அழுது ஒரு கடிதம் எழுதுவான், நானும் படித்துவிட்டு இளகிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பேராலயத்துக் கடையில் ஞானம் படம் போட்ட தபால் அட்டைகள் வாங்கியிருந்தாள். குன்றின் மேல் கோவில், பின்னால் நீல வானம். அதில் ஒன்றை எடுத்தேன். பின்பக்கம் தமிழில், வாசிக்கத் தோதாகப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

"தம்பி முத்துராசுக்கு, அண்ணன் அ. வேலுச்சாமி எழுதுவது. நான் சுகமா இருக்கேன். ஒங்க மதினியும் சரோஜாவும் சுகம். வர்ற மாசிச் சிவராத்திரிக்கு மூணு பேரும் வாரோம். பூசாரிகிட்டச் சொல்லி எம் பேரைக் கூப்பிடச் சொல்லு. இந்தத் தடவை மூடிய நானே வாங்கிக்கிறேன். பருப்பு கனமான்னு நானே பாத்துக்கிறேன்."

விலாசம் எழுதும்போது கை பழக்கத்தில் விருதுநகர் மண்டிக்குப் போகப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன். அருப்புக்கோட்டை, எங்கள் தெரு, எங்கள் வீட்டு இலக்கம் எழுதினேன். ஞானம் ஒரு கவரை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கவரை மேஜைக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

ராத்திரி ஷிப்டுக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அது தெருமுனைக்கு வந்து சேர்ந்திருக்கும். ராணி தலை போட்ட நல்ல ஸ்டாம்பாக ஒட்டியிருக்கிறேன். தபால்காரர் தெரு முழுக்க வாசித்து முடித்த பிறகு, வேண்டுமானால் கிழித்துக்கொள்ளட்டும்.